கை எடுக்காத கோடு

பசிபிக் கடலில் உள்ள எங்கள் அம்ப்ரிம் தீவில் எரிமலை வாய் சிவந்திருந்தால் நாங்கள் நிம்மதியாக இருப்போம். அன்று காலை அந்தச் சிவப்பு இல்லை. எரிகுழம்பு மாயமாகிவிடாது. உள்ளே பாறை பிளந்த வழியில் இறங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, மண் இளகிய இடத்தில் வெளியே வரும். எந்த இடம் என்பதுதான் பயம்.

பத்து வருடமாக எரிமலை ஆய்வு நிலையத்துக்கு நில வெடிப்புகளை அளந்து அனுப்புகிறவள் நான். காலையில் சாலை வெடிப்பில் ஒரு விரல் நுழைந்தது. மதியம் என் கையே நுழைந்தது. ரேடியோ பேசவில்லை. என் மகன் போங்கோனோடு ஊரே பள்ளி மைதானத்தில், தீவை விட்டு ஏற்றிப்போகும் கப்பலுக்காகக் காத்திருந்தது.

கொழுந்தன் தைன்மாலிடம் ஓடினேன். எங்கள் பழங்கதையில் வரும் நெருப்புக்காரி மண்ணுக்கடியில் நடந்த வழியைத் தரையில் கோடாக வரையும் உரிமை அவனுக்கு மட்டும்தான். முன்பொரு முறை அந்தப் படத்தில் நினைவில் நின்ற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு தீவைச் சுற்றியிருக்கிறேன். கோடு போன இடமெல்லாம் பழைய எரிகுழம்பு உறைந்த கரும்பாறை கிடந்தது.

"மைதானத்துப் பக்கம் கோடு போகுமா? அதை மட்டும் சொல்லு."

"வாய்க்குத் தெரியாது அண்ணி. கைக்குத்தான் தெரியும்."

முற்றத்துச் சாம்பலில் புள்ளிகள் வைத்தான். ஒவ்வொரு புள்ளியும் ஓர் இடம். ஒரே கோடு அவற்றைச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். நடுவில் விரல் எழும்பினால் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்துதான். பாதியில் விட்ட கோட்டைச் செத்தவர்கள் வந்து முடிப்பார்கள் என்ற பயத்தில் இங்கே யாரும் அப்படி விடமாட்டார்கள்.

மலையிலிருந்து விரல் கிளம்பியது. தரை உதறியது. விரல் எழும்பிவிட்டது. அழித்தான்.

"விட்ட இடத்துலேர்ந்து போடேன்டா!"

"நீங்க டேப்பைப் பாதியிலேர்ந்து வச்சு அளப்பீங்களா?"

இரண்டாம் தடவையும் உதறல். மூன்றாம் தடவை கிணற்றைத் தாண்டி, தேவாலயத்தை வளைத்து, மைதானத்துப் புள்ளியின் நடுவே கோடு ஏறியது. மைதானத்துக்கு மேலே இருக்கும் மேட்டின் புள்ளியை இன்னும் தொடவில்லை. எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க அண்ணி. கோடு இன்னும் வீடு திரும்பல."

"என் பிள்ளை அங்க இருக்கான்!"

கத்திக்கொண்டே ஓடி, எல்லோரையும் மேட்டுக்கு விரட்டினேன். கடைசிக் கிழவரைத் தூக்கி ஏற்றும்போது கீழே மைதானம் கோல்கம்பத்துக்குக் கோல்கம்பம் பிளந்தது. பிளவிலிருந்து கொதிக்கும் ஆவி சீறியது. போங்கோன் என் இடுப்பை விடவில்லை. சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

தைன்மால் சாம்பல் மூடிய முகத்தோடு ஏறி வந்தான். விரல் நுனியில் தோல் உரிந்து ரத்தம்.

"முடிச்சியா?"

"முடிச்சேன்." அவன் என்னைப் பார்க்கவில்லை, நாங்கள் உட்கார்ந்திருந்த தரையைப் பார்த்தான். "எல்லாரையும் ஏன் இங்க கொண்டாந்தீங்க?"

"கோடு மேட்டைத் தொடலையே."

"நீங்க எழுந்து போன பிறகு தொட்டுச்சு அண்ணி. தொட்டுட்டுத்தான் வீடு திரும்புச்சு."

மண்ணில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது.

"எழுந்திருங்க," என்றேன். போங்கோனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மறுபடி சொன்னேன்.