ரம்யாஸ்ரீயின் பெயரில் ஒரு ஒப்புதல்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது என்ற தகவல் திங்கட்கிழமை காலையில் வந்தது. எரிந்தது மோட்டார்தான் என்றாலும் போன் வந்தது கப்பலூரில் இருந்த ஸ்டார்ட்டர் கம்பெனிக்கு. ஏனென்றால் மோட்டார் எரியாமல் காப்பதுதான் அவர்கள் விற்கும் பெட்டியின் வேலை.

சின்னக் கம்பெனி. மொத்தம் பன்னிரண்டு பேர். தோட்டத்துக்குப் போகாமல் போனிலேயே மோட்டாரைப் போட, நிறுத்த உதவும் பெட்டிகளைச் செய்தார்கள். மணல் அடைத்து மோட்டார் திணறினால் அது இழுக்கும் கரண்ட் ஏறும். பெட்டி அதை அளந்து, அளவு மீறினால் சில நொடிகளில் இணைப்பைத் துண்டித்துவிடும். பெட்டிக்குள் இருந்த போர்டை வடிவமைத்தவர் பாலகணேஷ். அந்த போர்டில் ஓடும் சாஃப்ட்வேரை எழுதியவள் ரம்யாஸ்ரீ.

அவளை அந்த வேலைக்குக் கொண்டுவந்தவரும் பாலகணேஷ்தான். இரண்டு குடும்பமும் சௌராஷ்டிரக் குடும்பம். அவருடைய கடைசித் தங்கையும் அவளும் ஒரே கல்லூரி. ஆபீஸில் மற்றவர்களோடு தமிழில் பேசுகிறவர்கள், தங்களுக்குள் வீட்டு மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். அவரை அவள் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். வாய்வார்த்தைக்கு மட்டும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தடவை, போர்டில் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலே மாறியது அவளுக்குத் தெரியாமல் போய், நாற்பது பெட்டிகள் தலைகீழாக வேலை செய்தன. போடச் சொன்னால் நின்றன; நிறுத்தச் சொன்னால் ஓடின. எல்லாம் திரும்பி வந்த பிறகு இருவரும் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரே பதிவேட்டை உண்டாக்கினார்கள். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு எழுத்து. எந்த எழுத்தில் என்னென்ன பாகம், அதில் எந்த சாஃப்ட்வேர் ஓடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு பாகம் மாறினாலும் எழுத்து மாற வேண்டும், புதிதாகச் சோதிக்க வேண்டும், இருவரும் ஒப்புதல் போட வேண்டும். தன் எழுத்து என்ன என்பதை போர்டே சாஃப்ட்வேருக்குச் சொல்லும்படி ஓரத்தில் மூன்று சின்ன ரெசிஸ்டர்களை வைத்தார் பாலகணேஷ். தெரியாத எழுத்தைக் கண்டால் மோட்டாரைப் போட மறுக்கும்படி ரம்யாஸ்ரீ எழுதினாள். அதற்குப் பிறகு ஒரு பெட்டிகூட அந்த மாதிரித் திரும்பி வரவில்லை.

போன் வந்த அன்றே சர்வீஸ் மெக்கானிக் கண்ணுச்சாமியுடன் அவள் கம்பெனி வேனில் கிளம்பிப் போனாள். தோட்டம் முத்துத்தாய் என்ற அம்மாளுடையது. ஐம்பது வயதிருக்கும். ஒன்றரை ஏக்கர் தக்காளி, காய் பிடிக்கிற நேரம். ஆறு நாளாகத் தண்ணீர் இல்லை. முத்துத்தாய் ஒன்றும் கத்தவில்லை. பெட்டி தொங்கிய கம்பத்தைக் காட்டிவிட்டு வரப்பில் போய் நின்றுகொண்டார்.

கண்ணுச்சாமி மூடியைக் கழற்றினார். போர்டில் சி என்று அச்சாகியிருந்தது. சாஃப்ட்வேரும் சி போர்டுக்கு உரியதுதான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் போன் கேமராவைப் பெரிதாக்கி ஒவ்வொரு பாகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கரண்ட் அளக்கும் சிப்பின் மேல் இருந்த எண் இருபது என்று முடிய வேண்டும். முப்பது என்று முடிந்திருந்தது.

அது அதிகக் கரண்ட் தாங்கும் சிப். அதே கரண்டுக்குக் குறைவாகக் காட்டும், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பதினான்கு ஆம்பியரில் நிறுத்த வேண்டிய பெட்டி இருபத்தொன்று வரை பேசாமல் இருந்திருக்கிறது. அதற்குள் மோட்டாரின் காயில், அந்தக் கம்பிச்சுற்று, வெந்துவிட்டது.

போர்டு அசெம்பிள் செய்கிற இடத்தில் யாரோ தவறான சிப்பை வைத்துவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். வழியில் கண்ணுச்சாமியிடமும் அப்படியே சொன்னாள். ஆபீஸுக்கு வந்து, எந்த லாட் என்று பார்க்கப் பதிவேட்டைத் திறந்தாள்.

‘சி போர்டு. கரண்ட் சிப்புக்குப் பதில் மாற்றுச் சிப். சாஃப்ட்வேர் மாற்றம் தேவையில்லை. எழுத்து மாற்றம் தேவையில்லை. ஒப்புதல்: பாலகணேஷ். ஒப்புதல்: ரம்யாஸ்ரீ.’ ஜூன் பன்னிரண்டு, காலை பதினொன்று நாற்பது.

அவள் அதை நாலைந்து தடவை படித்தாள். மறந்துபோய்த் தானே போட்டுவிட்டோமோ என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தாள். ஜூன் பன்னிரண்டு அவள் அம்மா கனகலட்சுமிக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த நாள். அன்று பதினொன்று நாற்பதுக்கு அவள் தியேட்டர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள்தான் பாலகணேஷ் போனில் கேட்டார், ஒரு சின்ன வேலை முடிக்கணும், பதிவேட்டுக்கு உன் பாஸ்வேர்டு என்ன என்று. அவள் யோசிக்காமல் சொன்னாள். அண்ணனிடம் சொல்வதற்கு என்ன யோசனை.

அன்று மத்தியானம் அவர் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து, டம்ளரில் ஊற்றி அவள் கையில் கொடுத்தார். அம்மாவை வார்டுக்குக் கொண்டுவரும்வரை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒப்புதலைப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவளை மற்ற எதையும்விட அந்தக் காபிதான் உறுத்தியது.

அவர் மேசைக்குப் போய் நின்றாள். அவர் ஏதோ சால்டர் செய்துகொண்டிருந்தார். வீட்டு மொழியிலேயே கேட்டாள்.

“என் ஒப்புதலை யாருண்ணே போட்டது?”

அவர் மறுக்கவில்லை. பழைய சிப் நாலு மாதத்துக்குக் கிடைக்காது என்றார். எழுத்தை மாற்றினால் மூன்று வாரச் சோதனை. ஒப்பந்தக்காரருக்கு இருநூறு பெட்டி உடனே போக வேண்டியிருந்தது என்றார்.

“நீ தியேட்டர் வாசல்ல உக்காந்திருக்கே. அந்த நேரத்துல உன்னை எப்படித் தொந்தரவு பண்றது? நீ இங்க இருந்திருந்தா நீயும்தான் போட்டிருப்பே.”

“போட்டிருக்க மாட்டேன்.”

“அப்புறமாச் சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன்.”

“மூணு மாசம் ஆச்சு. எதிர்லதானே உக்காந்திருக்கேன்.”

அவர் மறுபடி சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துக்கொண்டார்.

முதலாளி நாகசுப்பிரமணியனிடம் அவள் போவதற்கு முன்பே பாலகணேஷ் போயிருந்தார். முதலாளி அன்பாகத்தான் பேசினார். நடந்தது நடந்துபோச்சு, சாஃப்ட்வேரில் ஒரு எண்ணை மாற்றி எல்லாப் பெட்டிக்கும் போன் வழியாகவே அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்றார். அது தீராது என்று அவள் விளக்கினாள். வெளியில் முந்நூற்றுப் பத்து சி பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் நூற்றுப் பத்தில் பழைய சிப். இரண்டு வகையும் தன்னைச் சி என்றுதான் சொல்லிக்கொள்ளும். புது எண்ணை அனுப்பினால் பழைய பெட்டிகள் நல்லா ஓடுகிற மோட்டாரையும் நிறுத்திவிடும். அனுப்பாவிட்டால் புதுப் பெட்டிகள் மோட்டாரை எரிக்கும். எழுத்து மாறாததால் எந்தத் தோட்டத்துக்கு எந்தச் சிப் போனது என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மூடியாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

முதலாளி சம்மதித்தார். பதிவேட்டில் மட்டும் இப்போதைக்கு எதையும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று முதல் வேனும் கண்ணுச்சாமியும் அவளும்தான். உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கத்துக் காடுகள் எல்லாம் சுற்றினார்கள். மூடியைத் திறந்து சிப்பைப் பார்ப்பாள். முப்பதாக இருந்தால் கண்ணுச்சாமி ஒரு ரெசிஸ்டரை மாற்றி அந்த போர்டை டி என்று சொல்ல வைப்பார். அவள் டி போர்டுக்கு எழுதிய சாஃப்ட்வேரை ஏற்றுவாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து பெட்டி. மூன்று வாரச் சோதனைக்கு நேரமில்லாததால், ஒவ்வொரு பெட்டியையும் அங்கேயே மோட்டாரோடு சோதிக்காமல் விட்டுவிட்டு வரவில்லை.

இரண்டாம் வாரத்தில் தோட்டக்காரர்களின் பார்வை மாறியதைக் கவனித்தாள். மொக்கையன் என்ற பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீதானா அந்த ஆளு?” என்று கேட்டார். எந்த ஆள் என்று அவள் கேட்கவில்லை. உசிலம்பட்டி டீலர் கடையில் தெரிந்துகொண்டாள். கல்லாவுக்கு மேல் கம்பெனி லெட்டர்பேடில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. சாஃப்ட்வேர் பிழை காரணமாகச் சில பெட்டிகள் சரியாக இயங்கவில்லை. அதை எழுதிய பொறியாளரே நேரில் வந்து திருத்தித் தருவார். கீழே கையெழுத்து பாலகணேஷ்.

கண்ணுச்சாமிக்கு அந்தக் கடிதம் முன்பே தெரியும். “உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா,” என்றார். அதன் பிறகு வேனில் அவர் பாட்டுப் போடுவதையே விட்டுவிட்டார்.

முத்துத்தாய் தோட்டத்துக்குக் கடைசி வாரத்தில் போனார்கள். மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி இறக்கியிருந்தார்கள். தக்காளியைப் பிடுங்கி வரப்பில் போட்டிருந்தது. ரம்யாஸ்ரீ வேலை செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்ற முத்துத்தாய், மெதுவாகக் கேட்டார்.

“கம்ப்யூட்டர்ல நீ தப்பா எழுதிட்டியாமே தாயி?”

“நான் எழுதலம்மா. என் பேரைப் போட்டு வேற ஒருத்தர் எழுதிட்டாரு.”

“அவுகளுக்கு உம் பேரு எப்படிக் கெடைச்சுச்சு?”

“நான்தான் குடுத்தேன். நம்பிக் குடுத்தேன்.”

“அப்ப ரெண்டு பேருந்தான் எரிச்சிருக்கீக,” என்றார் முத்துத்தாய். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். குழாயில் முதலில் சேறும் பிறகு தண்ணீரும் வந்தன.

மறுநாள் காலை அவள் ஆபீஸுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து, அந்த ஜூன் பன்னிரண்டாம் தேதி ஒப்புதலுக்குக் கீழே எழுதினாள். இந்த ஒப்புதலை நான் போடவில்லை. என் பாஸ்வேர்டைப் பாலகணேஷுக்குக் கொடுத்தது நான், அது என் தவறு. சிப் மாறியது எனக்குத் தெரியாது. உசிலம்பட்டியில் மோட்டார் எரிந்தது சாஃப்ட்வேர் பிழையால் அல்ல, சிப்பை மாற்றிவிட்டு எழுத்தை மாற்றாததால். அதன் நகலைப் பெட்டிகளை மொத்தமாக வாங்கிய ஒப்பந்தக்காரரின் பொறியாளருக்கும், டீலருக்கும் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பாலகணேஷ் வீட்டுக்கு வந்தார். அம்மா வழக்கம்போல அவரை உட்காரவைத்து, மெலிந்துவிட்டாயே என்று விசாரித்தாள். அம்மா அடுப்படிக்குப் போன பிறகு, அதை எடுத்துவிடு ரம்யா என்றார். எனக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், இந்த வயதில் நான் எங்கே போய் வேலை தேடுவேன் என்றார்.

“அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடும்போது நான் எங்கே போவேன்னு நினைச்சீங்களா?”

அவள் அதைத் தமிழில் கேட்டாள். அவரோடு தனியாக இருக்கும்போது ஒருநாளும் அவள் தமிழில் பேசியதில்லை. அவருக்கு அது புரிந்தது. காபி வரும்வரை காத்திருக்காமல் எழுந்து போனார்.

ஒப்பந்தக்காரர் அடுத்த ஆர்டரை நிறுத்திவைத்துவிட்டு, முழுப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். டீலர் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டதாகக் கண்ணுச்சாமி வந்து சொன்னார். முதலாளி யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. இனிமேல் ஒப்புதல்களைத் தானே போடுவதாகச் சொல்லி, ரம்யாஸ்ரீயின் பெயரைப் பதிவேட்டின் அனுமதியிலிருந்து எடுத்துவிட்டார். பாலகணேஷின் பெயரையும் எடுத்தார். ஒரு மாதத்தில் அவருடையதை மட்டும் திரும்பச் சேர்த்தார். அதைப் பார்த்த அன்று அவள் ராஜினாமாவை எழுதிக் கொடுத்தாள். இப்போது கோயம்புத்தூரில் வேலை. வாரக் கடைசியில் வந்து போகிறாள்.

தை மாதம் பாலகணேஷின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அம்மா கனகலட்சுமியின் பெயருக்கு வந்திருந்தது. ரம்யாஸ்ரீ போகவில்லை. அம்மா மட்டும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், தாம்பூலப் பையோடு திரும்பி வந்து, சாப்பாடு, பெண்ணின் அலங்காரம், மாப்பிள்ளை வீட்டார் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். பாலகணேஷ் தன்னைப் பற்றி விசாரித்தாரா என்று ரம்யாஸ்ரீ கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.