புளி போட்டுத் துலக்கிய கைக்கடிகாரம்

செத்துப்போன உபதேசியாரின் வெள்ளிக் கைக்கடிகாரம் மகள் நேசம்மாளின் கையிலிருந்து மகன் ரசலையனுக்கு வந்தபோது பளபளவென்று மின்னியது. அப்பா கட்டியிருந்ததோ கறுத்துக் கிடக்கும். தங்கை அசலை விற்றுவிட்டுப் போலியைத் தந்துவிட்டாள் என்று, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ரசலையன் ஊரெல்லாம் பேசினான். போதகர் காதிலும் போட்டான். அவர் அவளைத் திருவிருந்திலிருந்து விலக்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போக, நேசம்மாள் மட்டும் தலைகுனிந்து பாயிலேயே இருந்தாள்.

அதன்பிறகுதான் அவன் குழித்துறைக்குப் போனான். கடிகாரக் கடைக்காரர் பின்மூடியைத் திறந்தார்.

“ஒங்க அப்பாக்க வாட்ச்தான். ரிப்பேருக்கு வந்தப்ப நான் போட்ட கீறல் இந்தா இருக்கு. ஆரோ புளி போட்டுத் துலக்கியிருக்காவ, அதான் இந்த மினுக்கம்.”

வீட்டில் நேசம்மாள் சொன்னாள்: “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணா. அழுக்கோட எப்படி ஒனக்குத் தருவேன்?”

அவன் போதகரிடம் போய் உண்மையைச் சொன்னான்.

அடுத்த திருவிருந்துக்கு நேசம்மாள் எழுந்து போனாள். ரசலையனால் எழ முடியவில்லை. மணிக்கட்டில் அது மின்னிக்கொண்டிருந்தது. சட்டைக்கையை இழுத்து மூடிக்கொண்டான்.