முதலில் ஓடுகிறவள்

ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்றால், தடுக்கும் அணியின் ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் காத்து நிற்பார்கள். எதிரணி பந்தை உள்ளே தள்ளியதும், அடிக்கப் போகிறவளைப் பார்த்து அவர்களில் ஒருத்தி நேராக ஓட வேண்டும். பந்து மேலே பட்டாலும் விலகக் கூடாது. புத்தியுள்ள யாரும் இந்த வேலைக்குக் கை தூக்க மாட்டார்கள். தோட்டா பல வருடங்களாக நாட்டுக்காக இதைத்தான் செய்துவந்தாள். அந்தப் பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

இப்போது இடது முட்டி மக்கர் பண்ணியது. காலையில் படி இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது. உலகக் கோப்பைக்கான அணியை இந்த ஆட்டம் முடிந்ததும் அறிவிப்பார்கள். அவள் இடத்துக்குக் குருவி என்ற புதுப்பெண் தயாராக இருந்தாள். அதனால் பயிற்சியாளர் எப்போது கேட்டாலும், "முட்டி சூப்பரா இருக்கு மேடம்" என்று அடித்துவிடுவாள்.

கோல்கீப்பர் மட்டும் ஏமாறவில்லை. "பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே நீ கிளம்பிடுற. இன்னும் மாட்டல, அவ்வளவுதான்."

"வாயை மூடிக்கிட்டு உன் கோலைப் பாரு."

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. இரு அணிக்கும் ஒவ்வொரு கோல். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. தோட்டா பந்தைத் தள்ளுகிறவளின் மணிக்கட்டைப் பார்த்தாள், ஊகித்தாள், ஓடினாள். பந்து அசையவே இல்லை. நடுவர் விசில் ஊதி, நடுக்கோட்டைக் காட்டினார். முந்தி ஓடினால் நடுக்கோட்டுக்குப் போய் நிற்பதுதான் தண்டனை. அவளுக்குப் பதில் ஆளும் கிடையாது.

பந்தைத் தள்ளியதும் அங்கே நின்ற சக வீராங்கனைகள் கோலைக் காக்க ஓட, அவள் நடுக்கோட்டில் தன்னந்தனியாக நின்றாள். மானம் போனது போலிருந்தது. தொலைவில், கோல் கோட்டில் மிஞ்சிய நால்வரில் முதல் ஆளாகக் குருவி ஓடுவது தெரிந்தது. நல்ல ஓட்டம். தோட்டாவுக்கு வயிறு எரிந்தது. தன் மட்டையில் பட்டு நின்ற பந்தைக் குருவியே ஓங்கி நடுக்கோட்டுக்கு அடித்தாள்.

எதிரணியில் பின்னால் இருந்தது கோல்கீப்பரும் இன்னொருத்தியும்தான். தோட்டா பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். பத்தடி போனதும் முட்டி கைவிரித்துவிட்டது. நொண்டிக்கொண்டே பந்தை உருட்டிப் போனாள். எதிரே அந்த இன்னொருத்தி நெருங்கினாள். அப்போது பக்கத்தில் மூச்சிரைக்கும் சத்தம். கோல் கோட்டிலிருந்து கிளம்பியிருந்த குருவி அவளைத் தாண்டிப் போனாள். தோட்டா பந்தைத் தள்ளிவிட்டாள். குருவி கோல் போட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் முதுகில் தட்டினார். "பாஸ் பிரமாதம். முட்டி எப்படி?"

சூப்பர் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"முடியல மேடம். ரொம்ப நாளாவே முடியல. குருவியைப் போட்டுடுங்க."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்களே."

பயிற்சியாளர் மறுக்கவில்லை. தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

உடைமாற்றும் அறையில் குருவியைத் தூக்கி வைத்துக் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டா கைப்பேசியோடு வெளியே வந்தாள். அழைத்தது அம்மா. ஒரு ஆட்டம் விடாமல் டிவியில் பார்ப்பாள். இன்றுவரை ஒரு விதியும் தெரியாது.

"ஏம்மா, எல்லாரும் அந்தப் பக்கம் விளையாடும்போது உன்னை மட்டும் ஏன் தனியா நிக்க வெச்சாங்க? ஆட்டத்துல சேத்துக்கலையா?"

தோட்டாவுக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை.

"சேத்துக்கிட்டாங்கம்மா," என்றாள். "இவ்வளவு நாளும் சேத்துக்கிட்டாங்க."