தண்ணீரில்தான் கழலும்

கைரியா ராத்தாவின் கடை கண்டிச் சந்தைக்குப் பின்னால், ஒரு ஒடுக்கமான மாடிப்படியின் உச்சியில் இருந்தது. ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்த உடுப்புகளை அவள் மலிவாக விற்றாள். அந்தச் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு டொரதி அங்கே ஏறியது நீச்சலுடை வாங்க. வீட்டில் சொல்லிவிட்டு வந்ததோ கோயிலில் பூச்சோடிக்க. நாற்பத்தொரு வயதில் குளிப்பதற்குப் பொய் சொல்ல வேண்டிய தலையெழுத்து எதிரிக்கும் வரக் கூடாது.

திகனைப் பக்கம் நீர்த்தேக்கத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பெண்கள் மட்டும் கூடி நீந்துவார்கள், துடுப்புப் படகு விடுவார்கள். மூன்று மணிக்கு இறங்குவார்கள். டொரதி போன மாதமே பெயர் கொடுத்திருந்தாள். கம்பளையில் பன்னிரண்டு வயது வரை மகாவலி ஆற்றில் மீனாகத் திரிந்தவள்தான். பெரியவளானதும் கரையேற்றினார்கள், அதோடு சரி. கலியாணம் கூடி வரவில்லை. அண்ணன் கிறகரி வீட்டு அடுப்படிதான் வாய்த்தது. நீந்தப் போகட்டுமா என்று கேட்டதற்கு அண்ணன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "ஊரு சிரிக்கும். பேசாம இரு."

கைரியா மூன்று உடுப்புகளை மேசையில் போட்டாள். எல்லாம் ரப்பர் போல கனத்த கறுப்புத் துணி.

"இது அஞ்சு மில்லி தடிப்பு. பனி பெய்ற நாட்டுக்காரங்களுக்கு. நம்மட தண்ணிக்கு மூணு மில்லியே காணும். இந்தக் கட்டக்கை, கட்டக்கால் இன்னும் மலிவு."

"முழுசா மூடுறதுதான் வேணும் ராத்தா."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. உடம்பையாவது மூடிக்கொள்ளலாமே.

"அப்ப இதுதான் தங்கச்சி. நீந்தவும் ஆகும், படகுக்கும் ஆகும், ஆத்துல எறங்கவும் ஆகும். முழங்கால்ல தையல் கொஞ்சம் பிசகு, அதான் ஏழாயிரம். ஒங்கட அளவுல இது ஒண்டுதான் ஈக்கி. போட்டுப் பாருங்க."

பலகை அடித்த அந்தச் சின்ன மறைப்புக்குள் டொரதி செய்தது ஒரே ஒரு தவறு. கடையில் எப்படி எல்லாவற்றையும் கழற்றுவது என்று கூச்சப்பட்டு, பெட்டிகோட்டோடு உடுப்புக்குள் இறங்கினாள். இடுப்பு வரை ஏறியது. தோள் வரை ஏறியது. முதுகு ஜிப்பில் தொங்கிய நீளக் கயிற்றை இழுத்தாள், மூடியது. கண்ணாடியில் ஒரு கறுப்பு உருவம் அவளைப் பார்த்துச் சிரித்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு கழற்றப் பார்த்தாள்.

ஜிப் திறந்தது. தோள் இறங்கவில்லை. உள்ளே பெட்டிகோட் சுருண்டு கயிறாகிக் கக்கத்தில் இறுகியிருந்தது. வேர்வையில் ரப்பர் தோலோடு ஒட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க நெஞ்சு அடைத்தது. "ராத்தா!" என்று கத்திவிட்டாள்.

கைரியா வந்து ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். சுவரில் காலை ஊன்றியும் இழுத்தாள். ம்ஹூம்.

"நனைஞ்சா வழுக்கிட்டு வந்துரும். காஞ்சு கெடந்தா உடாது. இண்டைக்குப் பாத்து தண்ணி வெட்டு, அஞ்சு மணிக்கித்தான் வருமாம்."

அப்போதுதான் கைபேசி அடித்தது. அண்ணன்.

"கோயில்ல ஆளக் காணோம். எங்க இருக்க?"

"கடைக்கு வந்தேண்ணே..."

"மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட நிக்கிறேன். பத்து நிமிஷத்துல வா. நாலு மணிக்கு ஆளுங்க வர்றாங்க, பலகாரம் யாரு சுடுறது?"

"வர்றேன்" என்றாள் டொரதி. இருபத்தொன்பது வருசமாக அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கைரியா கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். "வேற வழியில்ல தங்கச்சி. வெட்டினா அரை நிமிஷம். காசு பாதி தந்தாக் காணும்."

கழுத்தடியில் இரும்பு சில்லென்று பட்டது. வெட்டினால் மூச்சு விடலாம். மூச்சு விட்டுக்கொண்டே போய்ப் பலகாரம் சுடலாம். அடுத்த மாதம் இப்படி ஒரு உடுப்பும் கிடைக்காது, இப்படி ஒரு பொய்யும் வாய்க்காது.  டொரதி கைரியாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் ராத்தா. தண்ணிக்கே போறேன்."

அண்ணனுக்கு அவளே அழைப்பு எடுத்தாள்.  "நான் வரலண்ணே. திகனைக்குக் குளிக்கப் போறேன்." பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டாள்.

பாதி திறந்த ஜிப்பின் மேல் கவுனை மாட்டிக்கொண்டு, ஏழாயிரத்தையும் கொடுத்துவிட்டு, மணிக்கூட்டுப் பக்கம் தலைகாட்டாமல் பஸ் ஏறினாள். சனிக்கிழமை நெரிசல். ஜன்னலோரம்கூடக் கிடைக்கவில்லை. இட்டலிச் சட்டிக்குள் உட்கார்ந்தது போல வெந்தாள். மடியில் கைபேசி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. பல்லேகல தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். இறங்கி என்ன செய்வது? இந்தத் தோலோடு அடுப்படியில் நிற்க முடியுமா?

கரையில் கவுனைக் கழற்றி, கைபேசியை அதற்குள் சுற்றி வைத்தாள். அது துணிக்குள்ளிருந்தும் அடித்துக்கொண்டே இருந்தது. மற்றப் பெண்கள் முன்னே போக, அவளும் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. திறந்திருந்த முதுகு வழியாகத் தண்ணீர் சில்லென்று உள்ளே புகுந்து முதுகெலும்போடு இறங்கியது. உடுப்பு மெல்லப் பிடியை விட்டது.

கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கைரியா சொன்னது சரிதான். இப்போது ஒரு இழுப்பில் கழன்றுவிடும். இனி வீட்டில் என்ன காத்திருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், பயமாகத்தான் இருந்தது.

டொரதி முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் அந்த நீளக் கயிற்றைத் தேடிப் பிடித்தாள். ஜிப்பைக் கழுத்து வரை மேலே இழுத்து மூடிவிட்டு, நீந்தத் தொடங்கினாள்.