முதல் தரப் பூச்சி

கடுக்காயை ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் போதும், அது கரியாலூர்க் காயா வெள்ளிமலைக் காயா, மழையில் நனைந்ததை வெயில் காட்டிக் கொண்டுவந்திருக்கிறார்களா என்று தராசில் ஏற்றும் முன்பே சொல்லிவிடுவார் காசிநாதன். கள்ளக்குறிச்சியில் கமிஷன் மண்டி வைத்திருந்த காலத்தில் அவருடைய கண்ணும் வாயும்தான் அவருக்கு முதல். இப்போது கம்பெனி வண்டியே கல்ராயன் மலைக்கு மேலே போய்க் காயை அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. நடுவில் நின்ற ஆளுக்கு நிற்க இடம் இல்லை. ஷட்டரை இறக்கிப் பூட்டின அன்றைக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. கால் மரத்துப்போனால் கொஞ்ச நேரத்தில் சுருக்சுருக்கென்று உணர்ச்சி திரும்புமே, அதுபோல் திரும்பும் என்று காத்திருந்தார். வருஷம் ஒன்றாகிறது. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டாலும், "போட்டதைத் துன்னேன்" என்பார்.

மிஞ்சியது கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த மரவள்ளித் தோட்டம். மனைவி இருசம்மாளின் அப்பா கொடுத்தது. குச்சி நட்டவள் அவள், களை எடுத்தவள் அவள். வரப்பில் உட்கார்ந்து காற்று வாங்கியவர் இவர்.

அந்தத் தோட்டத்தில் மாவுப்பூச்சி விழுந்திருந்தது. கோதுமை மாவைத் தூவினாற்போல் குருத்தில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். இலை விரியாமல் மூடின கை மாதிரி சுருண்டுகொள்ளும். போன வருஷம் உரக்கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்தார்கள். பூச்சி நாலு நாள் ஊருக்குப் போய்விட்டுச் சொந்தபந்தத்தோடு திரும்பி வந்தது. கிழங்கு விரல் பருமன்தான் இறங்கியது.

திருப்பூரில் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு என்று இருசம்மாள் பையைக் கட்டினாள்.

"அப்படியே பனியன் கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம். அதையும் பார்த்துட்டு வரேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா இன்னாங்க? இந்த வருஷமும் கிழங்கு போச்சுன்னா நான் அங்கயே போயிடறேன். உங்களைக் கூப்பிடல. நீங்க வந்து பனியனுக்கா தரகு பேசப் போறீங்க?"

போகாதே என்று சொல்ல வேண்டிய இடம் அது. காசிநாதனுக்கு அது தெரிந்தது. எதிர்க் கடையில் இன்றைக்கு இன்ன விலை என்று தெரிவது போல, தகவலாகத் தெரிந்தது. நெஞ்சுக்குள் ஒன்றும் அசையவில்லை.

"பஸ்சுக்கு நேரமாவுது" என்றார்.

"மருந்து மட்டும் அடிக்காதீங்க. தண்ணி கட்டிக்கினு சும்மா இருங்க, போதும்."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவள் போய்விட்டால் இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது என்ற தகவலும் அவரிடம் இருந்தது. மறுநாள் காலையில் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார்.

குருத்தைப் பிரித்துப் பார்த்தபோது அவருடைய பழைய கண் வேலை செய்தது. எல்லாம் ஒரே சரக்கு இல்லை. பொடிப்பொடியாக அசையாமல் கிடந்தது ஒரு ரகம். அதன் நடுவே இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு நூல் தொங்க, கை பட்டதும் சுறுசுறுவென்று ஓடியது இன்னொரு ரகம். முதல் தரம், இரண்டாம் தரம். கடுக்காய்க் குவியலில் ஆள் விட்டுப் பிரிப்பது போலத்தான். பெரிய சரக்கெல்லாம் தாய்ப்பூச்சி, அதைப் பொறுக்கி எடுத்துவிட்டால் பொடிசு தானாக அழியும் என்று முடிவு கட்டினார். ஏன் ஓடுகிறது என்று ஒரு கணம் யோசித்தார். கையில் முதல் இருப்பவன் ஓடத்தானே செய்வான்.

பக்கத்துக் காட்டுத் தங்கதுரை முதுகில் மருந்து டேங்கோடு வரப்பில் வந்து நின்றார்.

"இன்னா மொதலாளி, பேன் பாக்கறீங்களா?"

"பெரிசா இருக்கறத மட்டும் பொறுக்கறேன்."

"சின்னதை?"

"சின்னது ரெண்டாம் தரம். அதுக்கு மதிப்பில்ல."

"பூச்சியிலயும் தரம் பிரிக்கிற ஆளு இந்தக் கல்ராயன் மலை சுத்துவட்டாரத்துல நீங்க ஒருத்தர்தாங்க" என்றார் தங்கதுரை. "அக்கா வந்ததும் மூட்டை கட்டிக் காட்டுங்க."

காசிநாதன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு விஷயம் இருந்தது. மண்டியில் எந்தச் சரக்கு வந்தாலும் சாம்பிள் எடுத்து வைக்காமல் அவர் விட்டதில்லை. அதுவும் இரண்டு தரமும் சேர்ந்த சாம்பிள். நல்லதை மட்டும் காட்டுகிறவன் வியாபாரி இல்லை என்பது அவர் கொள்கை. ஒரு கண்ணாடி பாட்டிலில் பூச்சி அப்பின குருத்து ஒன்றை ஒடித்துப் போட்டு, பெரியதில் ஒரு கைப்பிடியை அதோடு சேர்த்து, வாயில் துணி கட்டி ஜன்னலில் வைத்தார். இருசம்மாள் வந்ததும் காட்ட வேண்டும். குருத்து வாடியபோது புதுசு ஒன்று, பொடிசோடு, மாற்றி வைத்தார்.

வாளி வாளியாகப் பெரியது செத்தது. வேலி ஓரத்து இரண்டு வரிசை மட்டும் முள் குத்துகிறதென்று விட்டுவிட்டார். மற்ற இடமெல்லாம் சலித்து எடுத்த மாதிரி.

பூச்சி குறையவில்லை. வாரம் திரும்பியபோது குருத்தெல்லாம் வெள்ளையாகி, கீழ் இலைகளில் பிசுபிசுப்பு வழிந்து, அதன்மேல் கரி பூசினாற்போல் பூஞ்சணம் படர்ந்திருந்தது. தண்டில் எறும்புச் சாரை. மாவுப்பூச்சி விடுகிற இனிப்பை நக்கிக்கொண்டு, அதற்கு யாரும் தொந்தரவு தராதபடி மேலும் கீழும் நடந்து காவல் காத்தது எறும்பு. உறிஞ்சுவது ஒருத்தன், உறிஞ்சப்படுவது ஒருத்தன், நடுவில் கமிஷனுக்கு ஒருத்தன். காசிநாதன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நம்ம ஆள்தான்.

வீட்டுக்கு வந்து பாட்டிலை எடுத்தார். குருத்தில் பொடிசு ஒன்றுகூட இல்லை. துணி கட்டினது கட்டினபடி இருந்தது. வெளியே போக வழி இல்லை. பெரியவை மட்டும் இன்னும் கொழுத்திருந்தன. புதுக் குருத்து ஒன்றை உள்ளே விட்டுவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தார். பஞ்சு நூலை இழுத்துக்கொண்டு ஒன்று ஊர்ந்து வந்தது. பொடிசின் முட்டைப் பொதியில் தலையை நுழைத்தது. சோற்று நேரம் வரைக்கும் அந்தத் தலை வெளியே வரவில்லை.

அடுத்த இரண்டு நாளில் பாட்டிலின் சுவரில் ஒட்டி அசையாமல் கிடந்த ஒன்று வெடித்து, மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு வண்டு வெளியே வந்தது. தலை மட்டும் செங்கல் நிறம். அந்த வண்டை அவர் தோட்டத்தில் முதல் நாளே பார்த்திருந்தார். ஏதோ வேடிக்கை பார்க்க வந்தது என்று விட்டிருந்தார்.

அது பூச்சியைத் தின்ன வந்த வண்டு. பெரிய சரக்கு அத்தனையும் அதன் குஞ்சு. மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு, எறும்புக் காவல்காரன் கண்ணெதிரிலேயே கூட்டத்துக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த குஞ்சு. எறும்பு ஏமாந்தது சரி. முப்பது வருஷம் தரம் பிரித்தவரும் ஏமாந்தார். வாங்க வந்தவனை விரட்டிவிட்டுக் கெட்ட சரக்கைக் கடையில் வைத்துக்கொண்டாற்போல ஆயிற்று.

இப்போதாவது அழுகையோ கோபமோ ஏதாவது வரும் என்று நினைத்தார். வரவில்லை. பாட்டிலைத் துடைத்து மறுபடியும் ஜன்னலில் வைத்தார்.

இருசம்மாள் சின்னசேலத்தில் ரயிலை விட்டிறங்கி, பஸ் மாறி, சாயங்காலம் நேராகத் தோட்டத்துக்கே வந்தாள். நின்று பார்த்தாள்.

"மருந்து அடிச்சீங்களா?"

"இல்ல. பொறுக்கினேன்."

சொன்னார். தரம் பிரித்தது, வாளி, பாட்டில், வண்டு, எதையும் விடாமல், அடுத்தவர் வீட்டு விஷயம் போலச் சொன்னார். அவர் கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலை அவள் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இதையா கொன்னீங்க?"

"வேலி ஓரம் விட்டது போக, எல்லாத்தையும்."

"நான் சும்மா இருங்கன்னுதானே சொன்னேன்."

"ஆமா."

"சும்மா இருக்கறது உங்களுக்கு ஒரு வருஷமா நல்லாத்தானே வந்துது. நான் போன பத்து நாள்தான் வேலை பார்க்கத் தோணுச்சா?"

பதில் இருந்தது. நீ போய்விடுவாய் என்றுதான். அது மண்டி வாசலில் நின்ற வண்டி மாதிரி சரக்கு இறங்காமல் நின்றது.

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க" என்றாள் இருசம்மாள். "தையல் லைன்ல. சரின்னு சொல்லிட்டேன்."

காசிநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அவர் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். காசிநாதனும் வாயால் ஆகாத பேரத்தையெல்லாம் அப்படித்தான் முடித்திருக்கிறார். வலது கையின் மேல் துண்டைப் போர்த்தி அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னாங்க இது?"

"வாரக் கணக்கு. வேலி ஓரத்துல இருந்து குஞ்சைப் பொறுக்கி உள்ள விடறேன். தண்டுக்கு கிரீஸ் துணி சுத்தி எறும்பை நிறுத்தறேன். குருத்து விரியற வரைக்கும் நீ இரு."

"விரியலன்னா?"

"போயிடு. பஸ் ஏத்திவிடறேன்."

இருசம்மாள் சுற்றும் பார்த்தாள். தங்கதுரையின் காட்டில் யாரும் இல்லை. கையைத் துண்டுக்குள் விட்டாள். அவர் அவளுடைய நாலு விரலைப் பிடித்தார். அவள் உதறிவிட்டு அவருடைய இரண்டு விரலைப் பிடித்தாள். அவர் மூன்றைப் பிடித்தார். அவள் மறுபடியும் இரண்டையே பிடித்தாள், இந்த முறை எலும்பு நோக அழுத்தி.

இரண்டாவது தடவையும் அதே விலை சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பிரயோஜனம் இல்லை. "சரி" என்றார்.

அவள் கையை எடுத்துக்கொண்டு, அண்ணனுக்கு போன் போட வரப்பில் ஏறினாள். இரண்டு வாரம் கழித்து வருகிறேன், அதுவும் வந்தால்தான் என்று அவள் சொல்வது கேட்டது.

காசிநாதன் பாட்டிலைத் திறந்து முதல் செடியின் குருத்தில் சாய்த்தார். ஒன்று விழுந்தது. எறும்பு ஒன்று கிட்டே வந்து, தடவிப் பார்த்து, நம்ம சரக்குத்தான் என்று நினைத்தோ என்னவோ நகர்ந்து போனது. குஞ்சு வெள்ளைக்குள் தலையை நுழைத்தது. அழுத்தின இரண்டு விரலிலும் இன்னும் லேசாக வலி இருந்தது. அவர் அடுத்த செடிக்குப் போனார்.