பின்வாசலில் ஆம்புலன்ஸ்

நான்கு வருடக் குடும்ப மருத்துவப் பயிற்சியை முடித்துவிட்டு, மேயோ மாவட்டத்தின் கில்நகோலாவில் டாக்டர் ஈமர் கீவனி தனியாக கிளினிக் நடத்த ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று காலை முதல் ஆளாக பாட்ஸி மெல்வின் வந்தார். ஊரில் யார் இறந்தாலும் சவப்பெட்டி அவர் கடையில்தான். கல்லறைக்குப் போகும் கறுப்பு வண்டியை ஓட்டுவதும் அவரேதான்.

"லைசென்ஸ் புதுப்பிக்கணும் டாக்டரம்மா. ஒரு கையெழுத்து போட்டா நான் பாட்டுக்குக் கிளம்பிடுவேன். பதினோரு மணிக்கு டூலன் வீட்டுப் பாட்டிய அடக்கம் பண்ணணும்."

ஈமர் நாடி பிடித்தாள். அது ஆடி அசைந்து, எப்போதோ ஒரு தரம் துடித்தது.

"மயக்கம் ஏதாவது வந்துச்சா?"

"மயக்கமா? சர்ச்ல ஒரு நாள் கால் மடங்குச்சு. போன வாரம் வண்டி தானாப் போய் சுவத்துல முட்டிக்கிச்சு. கண்ண மூடித் தொறந்தேன், அவ்வளவுதான்."

இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமேயில்லை. மேலறை ஒரு தாளத்திலும் கீழறை வேறு தாளத்திலும் அடித்துக்கொண்டிருந்தன. அடுத்த மயக்கத்தில் எழுந்திருக்காமலே போகலாம்.

வண்டி ஓட்டக் கூடாது என்று நோயாளியிடம் சொல்வதைப் பயிற்சியில் ஒரு நடிகரை வைத்தே பழக்கியிருந்தார்கள். அந்த நடிகர் கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டு, கண்கலங்கி, ஒத்துக்கொண்டு போனார். வண்டியைத் தொடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஈமர் சொன்னதும், பாட்ஸியோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போறேன்."

"இப்பவே போகணும் பாட்ஸி. ஆம்புலன்ஸ கூப்பிடுறேன்."

"ஆம்புலன்ஸா! சதுக்கத்துல வந்து நின்னு, என்னைப் படுக்க வெச்சுத் தூக்கிட்டுப் போறதை ஊரே பாக்கணுமா? நான் போறதுக்குள்ள எனக்கே பெட்டி ஆர்டர் பண்ணிடுவானுங்க, அதுவும் பக்கத்து ஊர்க் கடையில!"

ஈமரின் கை பழக்கதோஷத்தில் போனுக்குப் போனது. இத்தனை நாளும் இப்படி ஒரு இக்கட்டு வந்தால், 'ஒரு நிமிஷம், பெரிய டாக்டரைக் கேட்டுட்டு வரேன்' என்று வெளியே நழுவலாம். இன்றைக்குப் பெரிய டாக்டரும் அவள்தான். தனக்குப் பயிற்சி கொடுத்த டாக்டரின் எண்ணில் பாதியை அழுத்தியவள், அதை விட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தாள். சைரன் இல்லாமல் பின்வாசலுக்கு வரட்டும் என்றாள். அடுத்து பாட்ஸியின் மனைவி டிம்ப்னாவுக்கு, அவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"இந்த மனுஷன் சுவத்துல முட்டுனப்பவே சொன்னேன்! கேட்டாத்தானே? சாவிய குடுத்தனுப்பச் சொல்லுங்க, வண்டிய நான் ஓட்டுறேன்" என்றாள் டிம்ப்னா.

"நீயா? ரிவர்ஸ் எடுக்கவே உனக்குத் தெரியாதேடி!" என்று பாட்ஸி போனைப் பார்த்துக் கத்தினார்.

"கல்லறைக்கு எதுக்குய்யா ரிவர்ஸ்?"

பாட்ஸி சாவியை மேசைமேல் வைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை ஈமர் அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அது போன பிறகுதான் சமையலறைக்குப் போனாள். வரவேற்பில் இருக்கும் அசம்ப்டா தேநீர்க் கோப்பையைக் கையில் கொடுத்தபோது, சர்க்கரைக்குப் பதில் உப்பை அள்ளி அதில் போட்டாள்.

"உள்ள அவ்வளவு கறாராப் பேசுனீங்க, இப்ப என்ன டாக்டர்?"

"அப்ப பயப்பட நேரமில்லையே."

ஊர் விடுமா? "பாட்ஸிய உள்ள தள்ளுன டாக்டரம்மா நீங்கதானா?" என்று கசாப்புக் கடையில் கேட்டார்கள். மேயோ கால்பந்து அணி இறுதியாட்டத்தில் தோற்றபோதுகூட ஊரில் இவ்வளவு பேச்சு அடிபட்டதில்லை. இரண்டு குடும்பங்கள் பக்கத்து ஊர் டாக்டரிடம் போய்விட்டன. ஈமர் இரவு படுத்துக்கொண்டு, சொன்ன விதத்தில் தவறோ என்று யோசித்தாள். சொன்ன விஷயத்தில் தவறில்லை என்பதில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள்: "தனியா நடத்த எங்க பயிற்சி போதுமா இருந்துச்சா?"

"வைத்தியத்துக்குப் போதும். ஆனா அடுத்த தடவை அந்த நடிகரை ஒத்துக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள் ஈமர்.

பாட்ஸி நெஞ்சில் பேஸ்மேக்கரோடு திரும்பி வந்தார். நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வண்டி ஓட்டலாம்னு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்க. ஆனா டிம்ப்னா சாவியத் தர மாட்டேங்கிறா. அவ மெதுவா, அழகா ஓட்டுறாளாம். ஜனங்க அவளைத்தான் கேக்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

ஈமர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தேவிட்டாள். "இதயத்த வேணா நான் பாத்துக்குறேன் பாட்ஸி. டிம்ப்னாகிட்ட நீங்களே பேசிக்குங்க."

அவர் முணுமுணுத்தபடி சட்டைக் கையைச் சுருட்டி, ரத்த அழுத்தம் பார்க்க நீட்டினார்.