எல்கானா வீட்டு வாசலில் நின்ற சீத்திம் மரம்

எல்கானா ஸர்பாத்திக்குப் பக்தி வந்ததற்குக் காரணம், அவன் வீட்டு வாசலில் ஒரு பஸ் திரும்ப முடியாமல் போனதுதான்.

இஸ்ரேலின் ஆரவாப் பள்ளத்தாக்கில் எங்கள் குடியிருப்பு முழுக்கக் குடைமிளகாய் போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் மட்டும் மிளகாயைக் கைவிட்டு நான்கு அறை கட்டி விடுதி திறந்தான். வாசலில் ஒரு வேலமரம். முறுக்கிய உடம்பும் குடையாக விரிந்த தலையுமாக, பஸ் திரும்ப வேண்டிய இடத்தில் சரியாக நின்றது. அதை வெட்ட அனுமதி கேட்டான். வனக் காவலிலிருந்து ஹகீத் என்ற அதிகாரி வந்தாள். நான் பக்கத்து வீட்டுக்காரி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

“இது பாதுகாக்கப்பட்ட மரம். ஒரு கிளை ஒடிஞ்சாலும் கேஸ்தான்,” என்றாள்.

“வெறும் முள்ளும்மா இது! ஆடுகூட யோசிச்சுத்தான் வாய் வைக்கும்.”

“ஆட்டுக்கு இருக்கற யோசனை உங்களுக்கும் இருக்கட்டும்.”

ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அவன் மனைவி நூரித் பள்ளியில் வேதம் நடத்துகிறவள். அவளுடைய புத்தகத்தை ஒரு நாள் எடுத்துப் புரட்டியவன், பத்துக் கட்டளைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டியைச் செய்த சீத்திம் மரம் என்பது இதே வேலமரம்தான் என்று கண்டுபிடித்தான். ஊரில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. அவனுக்கு அன்றுதான் தெரிந்தது என்பதால், அன்றுதான் நடந்தது மாதிரி குதித்தான். மறுநாளே மரத்தடியில் ஒரு பலகை முளைத்தது: ‘உடன்படிக்கைப் பெட்டிக்கு மரம் கொடுத்த வம்சம்.’

நூரித் இடுப்பில் கை வைத்துக்கொண்டு படித்தாள். “சீத்திம்னு ஒரு ஊரே இருந்துச்சு, அதையும் எழுது எல்கானா. சாக்கடலுக்கு அந்தப் பக்கம், மோவாப் சமவெளியில. கடவுள் தர்றேன்னு சொன்ன கானானுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க கடைசியா கூடாரம் போட்ட இடம்.”

“அங்க என்ன பண்ணாங்க?”

“மோவாப் பொண்ணுங்க பின்னாடி போனாங்க. அப்படியே அவங்க சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டாங்க.”

“அதுக்கெல்லாம் பலகையில எடம் பத்தாது.”

பஸ்கள் வந்தன. திரும்ப முடியாவிட்டால் என்ன, சாலையிலேயே நிறுத்திவிட்டு ஜனங்கள் நடந்து வந்தார்கள். ஒருவர் மரத்தை ஏற இறங்கப் பார்த்து, “அந்தப் பெட்டியை வெச்ச ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பத்து முழப் பலகை அறுத்தாங்களாமே, இந்தக் கோணல் மரத்துலயா?” என்று கேட்டார்.

“அப்ப நேராத்தான் இருந்துச்சு,” என்றான் எல்கானா. “நம்ம ஜனங்க பண்ண பாவத்தைப் பாத்துக் கோணிப்போச்சு.”

கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பெண் அடிமரத்தை முத்தமிடப் போய், முள் உதட்டில் ஏறிவிட்டது. “ரத்தம் சிந்தினா வேண்டுதல் சீக்கிரம் பலிக்கும்,” என்று அவளைத் தேற்றினான். யோம் கிப்பூர் நோன்பு நாளிலேயே கதவைச் சாத்திக்கொண்டு முட்டை பொரித்துத் தின்றவன், தாடி வளர்த்தான், வெள்ளை உடுத்தினான். அறைகள் நிரம்பி வழிந்தன. எங்கள் வீட்டுத் தின்பண்டம்கூட அவன் விருந்தாளிகளுக்கே போயிற்று.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் வீடியோ எடுக்கிறார்கள் என்று மரத்தின் முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டான்.

அந்த வீடியோ பேர்ஷேபா நகரில் இருந்த மதகுரு ரப்பி நெஹோராயின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மனிதர் நேராக வந்துவிட்டார். மர நிழலில் கால் வைக்காமல், வெயிலில் வியர்த்து ஊற்ற நின்றார்.

“மரத்தைக் கும்பிட்டியா?”

“சும்மா வீடியோவுக்கு, ரப்பி.”

“நம்ம முன்னோருங்க செஞ்சு கும்பிட்ட பொன் கன்னுக்குட்டியும் சும்மாதான் ஆரம்பிச்சிருக்கும். கும்பிட்ட மரம் விக்கிரகத்துக்குச் சமம். இது நிழல்ல யாரும் உக்காரக் கூடாது. காயைத் தொடக் கூடாது.”

“ஐயோ, மத்தியானமானா நாலு ரூமும் இது நிழல்லதான் ரப்பி!”

“அப்ப மத்தியானம் எல்லாரையும் வெயில்ல நிக்கச் சொல்லு.”

எல்கானாவின் முகத்தில் திடீரென்று பழைய ஆசை. “வெட்டிடவா?”

“வெட்டி, எரிச்சு, சாம்பலைக் காத்துல விடு.”

அங்கேயே ஹகீத்துக்குப் போன் போட்டான். மதமே வெட்டச் சொல்கிறது என்றான். அவள் குரல் வேலிவரை கேட்டது. “தாராளமா வெட்டுங்க. ஜெயில்ல வேலமரம் கெடையாது, நிழல் பிரச்சினையே வராது.”

வேதம் எரிக்கச் சொல்லிற்று, சட்டம் தொடாதே என்றது. செய்தி பரவி, பக்தியுள்ள விருந்தாளிகள் அறைகளை ரத்து செய்தார்கள். பக்தியில்லாதவர்கள் முதலிலிருந்தே வரவில்லை. கடைசியில் நூரித்தான் ரப்பிக்குத் தேநீரும் கேக்கும் கொடுத்து ஒரு வழி கேட்டாள். இரண்டாவது துண்டு கேக்கில் அவர் இளகினார். ஜெப ஆலயத்தில் எல்லார் முன்னாலும் கும்பிட்டது நடிப்புதான் என்ற உண்மையை எல்கானா சொன்னால் தடையை எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

அந்தச் சப்பாத் ஓய்வுநாளன்று வந்த கூட்டம் பண்டிகைக்குக்கூட வந்ததில்லை. நாத்திகர்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்கானா எழுந்தான். “அது சாதாரண மரம். நான் அதை மனசாரக் கும்பிடல. பஸ் திரும்பறதுக்கு வெட்டணும்னு பாத்தேன், முடியல. மத்ததெல்லாம் நான் விட்ட புளுகு.” நாங்கள் சிரித்த சிரிப்பில் விளக்குகள் ஆடின. அவன் காதுவரை சிவந்து உட்கார்ந்தான். எனக்கே ஒரு நிமிடம் பாவமாக இருந்தது, ஒரு நிமிடம்தான்.

ரப்பி தடையை எடுத்தார். எல்கானா பலகையைப் பிடுங்கினான், தாடியை எடுத்தான். அடுத்த வாரம் இரண்டு பஸ் வந்து நின்றது.

“உங்களை மெரட்டிப் பொய் சொல்ல வெச்சிட்டாங்களாமே,” என்று ஒரு கிழவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “தீர்க்கதரிசிகளையும் இப்படித்தான் படுத்துனாங்க.”

“ஐயா, சத்தியமா இது வெறும் மரம்!”

“பாரேன், எவ்வளவு அடக்கம்!” என்றாள் பின்னால் நின்ற பெண்.

முதல் பஸ்ஸிடம் கத்தினான். இரண்டாவது பஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னான். மறுநாள் வந்த பஸ்ஸிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு பெண் அவன் முன் தலைகுனிந்து ஆசீர்வாதம் கேட்டாள். எல்கானா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மெல்லக் கையை உயர்த்தினான்.

வீட்டுக்குள்ளிருந்து வந்த நூரித், உயர்ந்த அந்தக் கையில் ஒரு துடைப்பத்தைச் செருகினாள்.

“ஆசீர்வாதம் பண்ணிட்டு, அந்த முள்ளையெல்லாம் கூட்டிடு. கால்ல குத்துது.”

அவன் கூட்டினான். அதையும் அவர்கள் வீடியோ எடுத்தார்கள்.